சமூகவியல் பட்டத்தோடு கனடாவில் அரசாங்க வேலை எடுக்கலாமா?

தங்கச்சி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சிறப்புப் பட்டம், பிறகு பிரதேச செயலகத்தில் மூன்று வருடம் அபிவிருத்தி உத்தியோகத்தர், இப்போது பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து ஸ்காபுரோவில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சோஷியல் வேர்க்கர் (சமூகப் பணியாளர்) வேலைக்குப் போடலாமா, அரசாங்க வேலைக்கு சிற்றிசன் (குடியுரிமை பெற்றவர்) ஆகத்தான் வேண்டுமா என்பது கேள்வி. "அந்தப் பட்டத்துக்கு இங்கே மதிப்பில்லை" என்று சொன்னவர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2011இல் கனடாவின் முதல் தமிழ் எம்.பி.யாகத் தெரிவான ராதிகா சிற்சபைஈசன் மாஸ்டர்ஸ் செய்தது தொழில் உறவுகள் என்ற பாடத்தில். அதுவும் உங்களுடையதைப் போல ஒரு சமூக விஞ்ஞானப் பாடம்தான்.

சோஷியல் வேர்க்கர் என்பது ஒன்ராறியோவில் யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய பெயர் இல்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கென்று உள்ள ஒழுங்குமுறைச் சபையில் பதிந்தவர்கள்தான் அப்படிச் சொல்லலாம். பதிவுக்குப் பொதுவாகக் கேட்பது சமூகப்பணிப் பட்டம். உங்களுடையது சமூகவியல். எங்கள் ஆட்கள் இரண்டும் ஒன்றென்று நினைத்து மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக் களைத்துப்போவார்கள். பதிவு தேவைப்படாத வேலைகளும் உண்டு: குடியேற்றச் சேவை, சமூக நிகழ்ச்சி ஒழுங்கமைப்பு போன்றவை. ஜொப் பாங்க் என்ற மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில், இவற்றுக்கான தொழில் வகை இலக்கமான 42201ஐப் போட்டுத் தேடுங்கள். சமூகக் கொள்கை ஆய்வு வேலைகளுக்கு 41403. குடியேற்றச் சேவை வேலைகள் பெரும்பாலும் மத்திய அரசின் காசில் ஓடுபவை. அரசின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் பல ஒப்பந்தங்களும் அன்றோடு முடியும். புதுப்பிப்பார்களா என்பதை நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மத்திய அரச வேலைக்கு சிற்றிசன் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். 2021 ஜூனில் சட்டம் மாறியதிலிருந்து வெளியாட்களுக்கு விளம்பரப்படுத்தும் போட்டிகளில் பி.ஆர். உள்ளவர்களுக்கும் சிற்றிசன்களுக்கும் ஒரே முன்னுரிமை. முன்னாள் படையினருக்கு மட்டும்தான் அதற்கு மேலே இடம்.

மத்திய அரசில் நீங்கள் குறிவைக்க வேண்டியது ஈ.சி. எனப்படும் பொருளியல், சமூக விஞ்ஞான வேலைப் பிரிவு. கொள்கை, ஆய்வு, புள்ளிவிபர வேலைகள் அதில்தான் வருகின்றன. அதன் கல்வித் தகைமை வரியில் பொருளியல், சமூகவியல், புள்ளிவிபரவியல் என்று மூன்று பாடங்களைத்தான் பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். அரசறிவியலோ பொது நிர்வாகமோ படித்தவர் இந்த மூன்றில் போதிய பாடங்கள் எடுத்ததாகக் காட்ட வேண்டும். உங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. ஆனால் குடிவரவுக்காக வெஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம்) தந்த அறிக்கை பட்டம் எதற்குச் சமன் என்று மட்டும் சொல்லும், பாட விபரம் அதில் இருக்காது. மேலதிகக் கட்டணம் கட்டி, பாடவாரியான அறிக்கையாக மாற்றி எடுத்து வையுங்கள்.

பலர் விழுவது அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் வரும் அனுபவக் கேள்விகளில். "தரவு சேகரித்து, பகுத்து, ஆலோசனை எழுதிய அனுபவம் உண்டா?" என்று கேட்டால், "பல ஆய்வுகளில் நாங்கள் பங்குபற்றினோம்" என்று எழுதுவார்கள். வாசிப்பவர் அதற்குப் புள்ளி போட முடியாது. வாழ்வாதார உதவிக்காகக் குடும்பங்களைக் கணக்கெடுத்திருப்பீர்கள்தானே? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, எத்தனை குடும்பம், கேள்விக்கொத்தைத் தயாரித்தது யார், தரவை எதில் பதிந்தீர்கள், அறிக்கை யாருக்குப் போனது, அதை வைத்து அவர் என்ன முடிவெடுத்தார் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பணிவுக்காக "நாங்கள்" போடுகிற எங்கள் பழக்கம் இங்கே உதவாது. உங்கள் கையால் செய்ததை "நான்" என்றே எழுத வேண்டும். விளம்பரத்தில் உள்ள சொல்லையே பதிலிலும் பாவியுங்கள். ரெசுமேயில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

எழுத்துப் பரீட்சையில் அடிக்கடி வருவது பிரீஃபிங் நோட். கொஞ்சம் ஆவணங்களைத் தந்து, மேலதிகாரிக்கு இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதச் சொல்வார்கள். பல்கலைக்கழகக் கட்டுரை மாதிரி வரலாற்றில் தொடங்கினால் போச்சு. பிரச்சினை என்ன, என்ன முடிவு வேண்டும் என்பது முதல் வரிகளிலேயே வரவேண்டும். பின்னணி ஒரு பந்திக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று தெரிவுகளை அவற்றின் நன்மை தீமையோடு வைத்து, ஒன்றைப் பரிந்துரைத்து முடியுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் என்று நழுவுவதுதான் சமூக விஞ்ஞானம் படித்தவர்களின் பெரிய வியாதி.

இடையில் கோர்-2022 என்ற ஆய்வு நெறிமுறைச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். இணையத்தில் இலவசம். மனிதரிடம் தரவு எடுக்கும் ஆய்வு வேலைகளுக்கு உதவும். ஆர் அல்லது ஸ்டாட்டா என்ற புள்ளிவிபர மென்பொருட்களில் ஏதாவது ஒன்று தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

மத்திய அரசில் இப்போது ஆட்குறைப்பு நடக்கிறது, 2025 நவம்பர் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆகவே அதை மட்டும் நம்பி இருக்காமல் ரொறன்ரோ மாநகரசபை, பீல், டர்ஹம், யோர்க் பிராந்திய சபைகளுக்கும் போடுங்கள். 25 பேருக்குக் குறையாத ஒன்ராறியோ நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் "கனடிய அனுபவம் வேண்டும்" என்று கேட்க 2026 ஜனவரி 1 முதல் தடை.

மாஸ்டர்ஸ் செய்ய யோசித்தால் கோ-ஒப் (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) உள்ளதாகப் பாருங்கள். மாணவராக அரச திணைக்களத்தில் வேலை செய்தவரை, படிப்பு முடிந்ததும் திறந்த போட்டி வைக்காமலே எடுக்க முகாமையாளருக்கு வழி உண்டு.

மத்திய அரசில் வேலைக்கு எடுக்கமுன் செய்யும் பாதுகாப்புச் சோதனையின் முதல் மட்டத்துக்கு 5 வருட விபரமும் அடுத்த மட்டத்துக்கு 10 வருட விபரமும் கேட்பார்கள். ஊர் விலாசங்களையும் பழைய மேலதிகாரிகளின் தொடர்பையும் இப்போதே எழுதி வையுங்கள். விண்ணப்பிக்கும் அன்றே விளம்பரத்தையும் முழுதாகச் சேமித்துவிடுங்கள். முடிவுத் திகதி போனதும் அது தளத்திலிருந்து மறைந்துவிடும், நேர்முகத்துக்குக் கூப்பிட மாதங்கள் ஆகும், கேள்விகளோ அந்த விளம்பரத்தில் இருந்த தகைமைகளை வைத்துத்தான் வரும்.