நோபுநாகாவின் முடிவுக்கு அவமானம்தான் காரணமா?

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு ஜப்பானின் போர்த்தலைவர் ஓடா நோபுநாகாவை அவருடைய தளபதி அகேச்சி மிட்சுஹிதே கொன்றதற்கு, பலர் முன்னிலையில் பட்ட அவமானமும், நோபுநாகா வாக்குத் தவறியதால் தம் தாயைப் பறிகொடுத்த வேதனையும்தானே காரணம்? அப்படியிருக்க, அவரைத் துரோகி என்பது நியாயமா?

பதில்: நியாயம்தான். நீங்கள் சொல்லும் தாயின் கதை, பிற்காலத்தில் போர்க்கதைகள் எழுதியவர்கள் பரப்பியது. 1579இல் யாகாமிக் கோட்டையை முற்றுகையிட்ட மிட்சுஹிதே, தம் தாயைப் பிணையாக அனுப்பி கோட்டைக்குரிய ஹதானோ சகோதரர்களைச் சரணடைய வைத்தாராம். நோபுநாகா அவர்களைக் கொன்றுவிட்டதால் கோட்டையில் இருந்தவர்கள் அந்தத் தாயைக் கொன்று பழிதீர்த்தார்களாம். நோபுநாகாவிடம் பணியாற்றிய ஓத்தா கியூஇச்சி எழுதிய வரலாற்றில், கோட்டை பட்டினியால் விழுந்த விவரம் இருக்கிறது. தாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் பசியால் சாகும் கோட்டைக்கு, வெளியே நிற்கும் தளபதி தாயைப் பிணை வைக்க வேண்டிய தேவைதான் என்ன?

அவமானத்துக்கு ஓரளவு பழைய சான்று உண்டு. மூடிய அறைக்குள் நடந்த வாக்குவாதத்தில் நோபுநாகா மிட்சுஹிதேயை உதைத்ததாகப் பேசப்பட்டது என்று லூயிஸ் ஃப்ரோயிஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். அவர் அப்போது கியூஷூ தீவில் இருந்தவர், கேள்விப்பட்டதைத்தான் எழுதினார். அது உண்மையே ஆனாலும், பலர் முன்னிலையில் நடந்ததாக அவர் சொல்லவில்லை.

உண்மையில் ஆராய வேண்டியது அச்சத்தை. 1580இல், முப்பது ஆண்டுகள் ஊழியம் செய்த மூத்த தளபதி சாகுமா நோபுமோரியை, ஒசாகா முற்றுகையில் ஐந்தாண்டுகளாக ஒன்றும் சாதிக்கவில்லை என்று 19 குற்றச்சாட்டுகளைத் தம் கைப்பட எழுதி, மகனோடு சேர்த்து நோபுநாகா விரட்டிவிட்டார். அதே கடிதத்தில், தம்பா நாட்டை (அக்கால ஜப்பானில் 'நாடு' என்பது ஒரு மாகாணம்) வென்ற மிட்சுஹிதேயின் சாதனையை முதலிடத்தில் வைத்துப் புகழ்ந்திருந்தார். அந்தப் புகழ்ச்சியைப் படித்த மிட்சுஹிதே, அது எத்தனை நாளைக்கு என்று எண்ணிப் பார்க்காமல் இருந்திருப்பாரா? அதற்குள் ஷிகோகு தீவின் விவகாரமும் முற்றியது. அங்கே ஆட்சி செலுத்திய சோசோகாபே மோத்தோசிகாவுடன் பேச்சு நடத்தும் பொறுப்பு மிட்சுஹிதேயினுடையது. நோபுநாகா கொள்கையை மாற்றி, தம் மகன் நோபுதாகா தலைமையில் மோத்தோசிகாமீதே படை அனுப்ப முனைந்ததும், மிட்சுஹிதே பேசி வைத்ததெல்லாம் பாழானது. மோத்தோசிகா பணியத் தயாராக இருந்ததைக் காட்டும் கடிதம் ஒன்று 2014இல் வெளிவந்தது. மிட்சுஹிதேயின் முதன்மை ஊழியர் சைத்தோ தோஷிமிட்சுவுக்கு, கொலை நடப்பதற்கு ஏறத்தாழப் பத்து நாள்கள் முன்பு எழுதப்பட்டது அது. இந்தச் சிக்கலை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இதுவும் தனியாக ஒருவரைக் கொலைவரை கொண்டுபோயிருக்காது.

கொண்டுபோனது வாய்ப்பு. 1582 ஜூனில் நோபுநாகாவின் மற்றத் தளபதிகளான ஷிபாத்தா வடக்கே உயெசுகிப் படையோடும், ஹிதேயோஷி மேற்கே மோரிப் படையோடும் மோதிக்கொண்டிருந்தனர். நோபுநாகா சொற்பக் காவலோடு கியோத்தோவின் ஹோன்னோஜி கோயிலில் தங்கியிருந்தார். வாரிசான நோபுதாதாவும் அதே நகரில் இருந்தார். ஹிதேயோஷிக்கு உதவப் புறப்பட்ட மிட்சுஹிதேயின் படை, 13,000 பேர் எனப் பொதுவாகச் சொல்லப்படுவது, ஓரிரவு நடைதூரத்தில் நின்றது. ஜூன் 21 விடியலில் அது கோயிலைச் சூழ்ந்தது. அந்தப் படையில் சென்ற ஹோன்ஜோ சோயெமோன் முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பு இங்கே முக்கியமானது: தாக்கப்போவது நோபுநாகாவின் கூட்டாளி தொகுகாவா இயேயாசுவை என்றே வீரர்கள் நினைத்தார்களாம், உள்ளே நுழைந்தபோது கொசுவலைகள்தான் தொங்கினவாம், ஆளரவமே இல்லையாம். ஊரறிந்த அவமானத்துக்குப் பழிவாங்கப் போகிறவர், யாரைக் கொல்லப் போகிறோம் என்பதைத் தம் வீரர்களுக்கே தெரியாமல் வைத்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் வலுவான சான்று மிட்சுஹிதேயின் கடிதம். தம் மகள் தாமாவை மணந்த தாதாஓகியும், அவர் தந்தை ஹோசோகாவா ஃபுஜிதாகாவும் துணைக்கு வருவார்கள் என்று அவர் நம்பினார். அவர்களோ நோபுநாகாவுக்குத் துக்கம் காத்து முடியைக் களைந்துகொண்டார்கள். செய்தி கேட்டு முதலில் கோபம் வந்ததாகவும், பிறகு அது இயல்பே என்று உணர்ந்ததாகவும் எழுதிய மிட்சுஹிதே, செத்சு நாட்டைத் தருகிறேன், வாக்காசாவைக் கேட்டாலும் தருகிறேன் என்கிறார். தாதாஓகி போன்றவர்களை உயர்த்தவே இதைச் செய்தேன், வேறு காரணம் இல்லை என்கிறார். மனக்குறையைச் சொல்லி ஆதரவு கேட்க இதைவிட நெருங்கிய சம்பந்தி யார்? அவருக்கு எழுதிய கடிதத்திலேயே உதையும் இல்லை, தாயும் இல்லை. நாடுகளைப் பங்கிடும் பேச்சுதான் இருக்கிறது.

ஃபுஜிதாகா அசையவில்லை. மோரியோடு சமாதானம் பேசிவிட்டு விரைந்து திரும்பிய ஹிதேயோஷி, கொலை நடந்த பதினோராம் நாள் யாமாசாகியில் மிட்சுஹிதேயை முறியடித்தார். தப்பி ஓடும் வழியில் மிட்சுஹிதேயைக் கொன்றவர்கள் கிராமத்து மக்கள்.