21 வயதில் ஒரு கதவு திறக்கும்: சிறார் வழக்குகள் பற்றி ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: சார், என் தங்கை மகனுக்கு 17 வயது. கொலை வழக்கில் சேர்த்துவிட்டார்கள். பெரியவர்களோடு ஜெயிலில் போட்டுவிடுவார்களா?

பதில்: போடக் கூடாதும்மா. தண்டனையே கிடைத்தாலும் 21 வயதுவரை அவனைப் பாதுகாப்பு இல்லத்தில்தான் வைக்க வேண்டும். மேஜராகக் கருதி விசாரிப்பதும் தானாக நடந்துவிடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, குற்றம் நடந்த நாளில் பையனுக்கு 16 முடிந்திருக்க வேண்டும். குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதன்பிறகு, சிறார் வழக்குகளை முதலில் எடுத்துக்கொள்ளும் இளைஞர் நீதிக் குழுமம், செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்திருந்ததா என்று மதிப்பிடும். குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணரை அழைத்தே தீர வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அழைத்தார்களா என்று வக்கீலிடம் கேளுங்கள். முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போடுங்கள்.

கேள்வி: தூக்கு, சாகும்வரை ஜெயில் எல்லாம் வருமா?

பதில்: வராது. அதே சட்டத்தின் பிரிவு 21 தூக்கையும் தடுக்கிறது, விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையையும் தடுக்கிறது.

கேள்வி: தம்பியை மேஜராக விசாரித்து 10 வருடத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். டிசம்பரில் 21 முடிகிறது. பரோல் கேட்கலாமா?

பதில்: நம் ஊரில் பரோல் என்று சொல்வது பெரும்பாலும் சில நாள் விடுப்பைத்தான். உங்கள் தம்பிக்கு அதைவிடப் பெரிய வழி உண்டு. பிரிவு 20ஐப் படியுங்கள். 21 வயதாகும்போது அவன் திருந்தியிருக்கிறானா என்று, அவனை மேஜராக விசாரித்த சிறார் நீதிமன்றம் மதிப்பிட வேண்டும். திருப்தி என்றால் மீதித் தண்டனைக் காலத்துக்கு நிபந்தனையும் கண்காணிப்பும் வைத்து வீட்டுக்கே அனுப்பலாம். இல்லையென்றால் மீதியைச் சிறையில் கழிக்க வேண்டியதுதான். அவன் வாழ்க்கையே அந்த ஒரு நாளில் இருக்கிறது. அதற்கு வெறுங்கையோடு போகிற குடும்பங்களைப் பார்த்து நொந்திருக்கிறேன்.

சில வருடம் முன்பு இப்படி ஒரு பையனுக்காக ஆஜரானேன். பையனின் முன்னேற்றம் பற்றி ஆண்டுதோறும் கோர்ட்டுக்கு அறிக்கை வர வேண்டும் என்கிறது சட்டம். அவன் ஃபைலில் மூன்று ஆண்டுக்கு இரண்டே தாள், இரண்டிலும் ‘நடத்தை திருப்தி’ என்ற ஒரே வரி. அவன் அம்மா மஞ்சப்பையைத் திறந்தார். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு மார்க் ஷீட், வயரிங் பயிற்சிச் சான்றிதழ், அவன் எழுதிய கடிதங்கள் எல்லாம் தேதிவாரியாக இருந்தன. நீதிபதி அந்தக் கடிதங்களைத்தான் நிதானமாகப் படித்தார். பையன் அம்மாவோடு ஊருக்குப் போனான். டிசம்பர்வரை காத்திருக்காதீர்கள், இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.

கேள்வி: ஆதாரில் வயது தவறாக இருக்கிறது. தீர்ப்பும் வந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். சம்பவத்தின்போது 18 ஆகவில்லை என்பதை எந்தக் கட்டத்திலும் கிளப்பலாம், தீர்ப்புக்குப் பிறகும்கூட. முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. புனேயில் 1994இல் நடந்த கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவரை, 28 ஆண்டு சிறைக்குப் பின் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சம்பவத்தின்போது அவருக்கு 12 வயதுதான். வழக்கில் ஒரு பெயர், ராஜஸ்தான் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர். அந்தப் பதிவேடுதான் அவரை மீட்டது.

கேள்வி: வெளியே வந்தபின் அரசு வேலைக்குப் போகலாமா?

பதில்: மற்றச் சிறார்களுக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பைப் பிரிவு 24 நீக்கிவிடுகிறது. மேஜராக விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. திருந்திவிட்டான் என்று கோர்ட்டே அனுப்பிவைத்த பிள்ளைக்கும் கறை போகாது என்பது அநியாயம். அந்த விதிவிலக்கை நாடாளுமன்றம் எடுத்தாக வேண்டும். அதுவரை, விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். விடுவித்த உத்தரவின் நகலையும் சேர்த்து வையுங்கள்.