இரண்டாவது படம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எனக்கு வயது 58. பள்ளத்தூரில் தனியாக இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில். சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. ஆவணியில் மதுரையில் கண்ணை ஸ்கேன் செய்தபோது, விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருக்கிறது, இப்போது சிகிச்சை வேண்டாம், நான்கு மாதம் கழித்துக் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். பிள்ளையார் நோன்பு முடியட்டும் என்று ஒரு முறை தள்ளினேன். பொங்கல் முடியட்டும் என்று மறுமுறை. இப்போது மாசியும் பிறந்துவிட்டது. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு முகப்பு வாசல் நிலையில் இருக்கும் கஜலட்சுமியைப் பார்க்கிறேன், பிறகு மறு கண்ணால். ஒரு நாளைக்கு இருபது முறையாவது இப்படிப் பார்த்துவிடுகிறேன். இரவில் தூக்கமில்லை. மகனிடம் சொல்லவில்லை. இந்தப் பயத்தோடு எப்படிப் போவது? பெயரை வெளியிட வேண்டாம்.

- ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

கஜலட்சுமி வரியைப் படித்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை வந்து 19 ஆண்டுகள். ஏழு ஆண்டுகளாகக் கண்ணுக்குத் தொடர் பரிசோதனை. நான் பார்த்தது வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கல்லும் கல்லும் சேருகிற கோடு வளைகிறதா, நடுவில் மங்குகிறதா என்று பார்ப்பேன். கையில் இருக்கும் காபி ஆறி ஏடு படிந்துவிடும். நான் நின்ற இடத்திலேயே நிற்பேன்.

அப்படிப் பார்ப்பதில் தவறில்லை. நேர்கோடு நெளிந்து தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கலாம். ஆனால் அதற்கு வாரத்தில் ஒரு நாள் காலை போதும். இருபது முறை பார்க்கும்போது நாம் கண்ணைச் சோதிக்கவில்லை, பயத்துக்குத் தீனி போடுகிறோம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி வேறு. ‘பார்வை நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறீர்கள். சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசியும், சில அடைபடும். இது நடுப்பகுதிக்கு வெளியே நடக்கும்வரை கஜலட்சுமியின் தாமரை இதழ் ஒன்றுகூட மங்காது. முற்றிய நிலையில்கூடச் சிலருக்குப் பார்வை குறையாமல் இருப்பதுண்டு. அதனால்தான் மருத்துவர்கள் நம் பார்வையை நம்பாமல் படத்தை நம்புகிறார்கள்.

படம் என்றால் ஒரு படம் அல்ல. கடையின் இருப்பும் கடனும் காட்டும் ஐந்தொகையைப் பற்றி நம் ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியவர்கள் கணக்கை முடித்து ஐந்தொகை எடுத்தது, போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ளத்தான். நட்டம் இருந்தால் அது ஐந்தொகை எடுத்ததால் வந்த நட்டம் அல்ல. ஆவணியில் எடுத்த படம் உங்கள் முதல் கணக்கு. இரண்டாவது வந்து பக்கத்தில் வைத்தால்தான் பாதிப்பு நிற்கிறதா நகர்கிறதா என்று சொல்ல முடியும். நான்கு மாதம் என்று அவர்கள் சொன்னது அந்த ஒப்பீட்டுக்காக. அதைத் தீர்ப்பு நாளாக நினைத்துக்கொண்டது நம் மனம்.

ஓ.சி.டி. என்கிற அந்த ஸ்கேன் 1991இல்தான் உலகுக்கு அறிமுகமானது. வெறும் ஒளிதான்; கதிர்வீச்சு இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. தாடையை வைத்து உள்ளே தெரியும் குறியைப் பார்த்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனக்குக் கடினமாக இருந்தது அதற்கு முந்தைய காத்திருப்பு. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டதும் சுரீர் என்று எரியும். அரை மணி நேரத்தில் கையிலிருக்கும் டோக்கன் எண் கலங்கிப்போகும். முதல் முறை ‘பார்வை போனால் இப்படித்தான் இருக்குமோ’ என்று வேர்த்துவிட்டது. அது மருந்தின் வேலை, ஆச்சி. சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதுவரை வெயிலில் கண் கூசும். தொப்பியோ குடையோ, கறுப்புக் கண்ணாடியோ வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இந்த ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு மருத்துவமனையில் என் படத்தைப் பார்த்துவிட்டு, ‘ஆறு மாதம் கழித்து வாங்க’ என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஆறு மாதமும் நான் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதன்பிறகு மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டுதான் போகிறேன். போன முறையைவிட மாறியிருக்கிறதா? நடுப்பகுதியில் வீக்கம் உண்டா? அடுத்த தேதி ஏன் அன்றைக்கு? பதில்களையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். இரவில் பயம் வரும்போது அந்தத் தாளைப் பார்ப்பேன்.

மாறியிருந்தால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. எனக்கு நான்காவது படத்தில் வீக்கம் தெரிந்தது. கண்ணுக்குள் ஊசி என்றதும் கால்கள் நடுங்கின. மரத்துப்போகும் மருந்து விட்டுப் போட்டார்கள். ஓர் அழுத்தம், சில வினாடிகள், அவ்வளவுதான். சில மாதங்கள் தொடர்ந்து போட்டபின் வீக்கம் வடிந்தது. இன்னும் முற்றிய பாதிப்புக்கு லேசர் இருக்கிறது. அது கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1976இலேயே காட்டிவிட்டது. ஆனால் இரண்டுக்கும் காலத்தோடு போக வேண்டும். திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ எந்தத் தேதிக்கும் காத்திராமல் அன்றே போய்விடுங்கள்.

மகனிடம் இன்று இரவே சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்து கையைப் பிடிக்க முடியாதுதான். ஆனால் அவன் அறியாமல் நீங்கள் சுமக்கும் வரை இந்தப் பயம் இரண்டு மடங்கு. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் உடன் வர யாராவது ஒருவர் வேண்டும். சொட்டு மருந்து விட்ட கண்ணோடு தனியாகத் திரும்ப முடியாது. பக்கத்து வளவில் இருப்பவரைக் கேளுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள், நம் ஊரில்.

நாளைக் காலை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, இந்த வாரத்திலேயே ஒரு தேதி கேளுங்கள். இரண்டு மாதம் தள்ளிவிட்டேன் என்று கூசாமல் சொல்லுங்கள். ஆவணியில் கொடுத்த கோப்பைப் பையில் இன்றே எடுத்து வையுங்கள். தேதி கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்