நாஸ் வாங்கும் முன்: கேள்விகளும் பதில்களும்

வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நாஸ், அதாவது டிஸ்க்குகளைப் போட்டு நெட்வொர்க் வழியாக எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி, அமைத்துக் கொடுப்பது என் தொழில். எந்த மாடல் வாங்கலாம் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறீர்கள். மாடலை முடிவு செய்யும் முன் தரவின் இரண்டாவது பிரதிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் பணத்தை ஒதுக்கி வையுங்கள் என்பதையே நான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன்.

கேள்வி: கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 500 ஜிபி வரை சேர்கிறது. அலமாரி முழுக்க எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள். இரண்டு டிஸ்க் பெட்டி போதுமா, நான்கு டிஸ்க் பெட்டி வாங்கலாமா?

பதில்: உங்கள் தொழிலுக்கு நான்கு டிஸ்க் பெட்டிதான் சரி. 8 டெராபைட் டிஸ்க் நான்கை ரெய்டு 5 முறையில் (டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பழுதைச் சமாளிக்க ஒதுக்கும் ஏற்பாடு) அமைத்தால் 24 டெராபைட் இடம் கிடைக்கும்; ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. வேகத்தையும் பாருங்கள். சாதாரண கிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்தான் போகும் என்பதால், 500 ஜிபியை ஏற்றி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 2.5 கிகாபிட் என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; ஆனால் நாஸ், ஸ்விட்ச், கணினி மூன்றிலும் அந்த வசதி இருக்க வேண்டும், ஒன்றில் இல்லாவிட்டாலும் பழைய வேகம்தான்.

இனி முக்கியமான விஷயம். ரெய்டு என்பது டிஸ்க் பழுதானாலும் வேலையைத் தொடர்ந்து நடக்க வைக்கும் ஏற்பாடு மட்டுமே. உதவியாளர் தவறுதலாக ஓர் ஆல்பத்தை அழித்தால் அது எல்லா டிஸ்க்கிலிருந்தும் அந்த நொடியே போய்விடும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள்), இடி மின்னல், திருட்டு எதிலிருந்தும் ரெய்டு காப்பாற்றாது. அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளை விற்றுவிடாதீர்கள். அவற்றையே இரண்டாவது பிரதியாக வைத்து, நகல் எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் என்று பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி உங்கள் தொழிலிலிருந்தே வந்தது.

கேள்வி: 4 டெராபைட் டிஸ்க் வாங்கினேன், 3.63 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது.

கேள்வி: கோவையில் ஆடிட்டர் அலுவலகம். எட்டுக் கணினிகள். டேலி தரவை நாஸில் வைத்து எல்லோரும் வேலை செய்யலாமா? இன்வெர்ட்டர் இருக்கிறது.

பதில்: வைக்கலாம், ஆனால் எட்டுக் கணினிகளும் கேபிள் வழியாகவே இணைந்திருக்க வேண்டும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி அறுந்தாலும் தரவுக் கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

இன்வெர்ட்டரை நம்பாதீர்கள். கரண்ட் போனதிலிருந்து பேட்டரிக்கு மாறுவதற்குள் நாஸ் அணைந்து எழுந்துவிடக்கூடும். பேட்டரி தீரப்போகிறது என்பதை நாஸிடம் சொல்லவும் சாதாரண இன்வெர்ட்டருக்கு வழி கிடையாது. யுஎஸ்பி துளை உள்ள யுபிஎஸ் வாங்கி, அதனுடன் வரும் கேபிளை நாஸின் பின்புறத்தில் செருகி, ஐந்து நிமிடத்துக்குள் கரண்ட் வராவிட்டால் தானே முறையாக அணையும்படி அமைப்புப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். அந்தக் கேபிள் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடப்பதைப் பல அலுவலகங்களில் பார்க்கிறேன்.

கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களுக்கான பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினந்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே கிளவுட் சேவை எடுத்தால், தரவு சேமிக்கப்படும் இடமாக இந்தியாவையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ரெய்டு 1 போட்டால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவுதானே இருக்கிறது. தனியாக பேக்கப் தேவையா?

பதில்: தேவை. ஸ்டுடியோக்காரருக்குச் சொன்ன காரணங்கள் அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கிருந்து நாஸில் உள்ள படங்களைப் பார்க்க ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடச் சொல்கிறார்கள். திறக்கலாமா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். 2014-இல் சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைச் சினோலாக்கர் என்ற ரான்சம்வேர் பூட்டியது. 2022 ஜனவரியில் க்யூநாப் நிறுவனத்தின் பெட்டிகளை டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் பூட்டியது. இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தவைதான் சிக்கின. வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருள் (இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை அமைப்பது) வழியாக மகளின் கைப்பேசியை வீட்டு நெட்வொர்க்கில் சேர்த்துவிடுங்கள். நம் இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால் போர்ட் திறந்தாலும் பலன் இருக்காது. டெயில்ஸ்கேல் அந்த நிலையிலும் வேலை செய்யும்.

கேள்வி: எந்த டிஸ்க் வாங்குவது?

பதில்: சிஎம்ஆர் வகையா (தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் எழுதப்படும் வகை) என்று தயாரிப்பாளரின் பட்டியலில் மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நாஸுக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூடி ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதப்படும் எஸ்எம்ஆர் வகை என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அந்த வகையில் ரெய்டை மறுகட்டமைக்க (செத்த டிஸ்க்குக்குப் பதில் போட்ட புதிய டிஸ்க்கில் தரவை மீண்டும் எழுத) மிக நீண்ட நேரம் பிடிக்கும். டிஸ்க் கைக்கு வந்த அன்றே சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பாருங்கள். இல்லை என்று வந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நான் சோழிங்கநல்லூரில் சர்வர் பராமரிப்பில் இருக்கிறேன். ஸ்டுடியோவுக்கு ரெய்டு 5 சொன்னது தவறு. 10^14 பிட் தரவைப் படித்தால் ஒரு பிட்டைப் படிக்க முடியாமல் பிழை வரலாம் என்று டிஸ்க்கின் விவரக்குறிப்பே சொல்கிறது. அது 12.5 டெராபைட். மறுகட்டமைப்புக்கு மூன்று டிஸ்க்குகளிலிருந்து 24 டெராபைட் படிக்க வேண்டும். தோல்வி கிட்டத்தட்ட நிச்சயம்.

பதில்: கணக்கு சரி, அடிப்படை சரியில்லை. அந்த எண், இதைவிட மோசமாகாது என்று தயாரிப்பாளர் தரும் வரம்பு. சராசரியாக நடப்பதைச் சொல்வதில்லை. அது அப்படியே நடக்குமானால், 32 டெராபைட்டையும் மாதந்தோறும் முழுதாகப் படித்துச் சரிபார்க்கும் ஒவ்வொரு பெட்டியும் அநேகமாக ஒவ்வொரு மாதமும் பிழை காட்ட வேண்டும். நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குகளில் அப்படி வருவதில்லை என்பதை உங்கள் சர்வர்களின் பதிவேட்டிலேயே பார்க்கலாம்.

உங்கள் அச்சத்துக்கு வேறு நியாயமான காரணம் இருக்கிறது. நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தொகுதியிலிருந்து வாங்கப்பட்டவை. ஒன்று போகும் வயதில் மற்றவையும் அதே வயதில் இருக்கும். நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் தடையில்லாமல் ஓடினாலும் 8 டெராபைட்டை எழுத 11 மணி நேரம் ஆகும். வேலையும் நடந்தால் இன்னும் கூடும். அந்த நேரம் முழுவதும் மீதி மூன்றும் ஓய்வில்லாமல் உழைக்கின்றன. பல வருடங்களாக யாரும் திறக்காத கோப்புகள் கிடக்கும் பகுதியையும் அப்போது படித்தாக வேண்டும். மாதாந்தரச் சரிபார்ப்பை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அவரே மீண்டும்: அப்படியானால் இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்டு 6 என்று சொல்லிவிட வேண்டியதுதானே?

பதில்: ஆடிட்டருக்கு அதைத்தான் சொல்வேன். தாக்கல் தேதி நெருங்கும் வாரத்தில் அவர் அலுவலகம் ஒரு நாள் நின்றாலும் தாங்காது. நான்கு டிஸ்க்கில், ஜோடி ஜோடியாக நகல் வைக்கும் ரெய்டு 10-உம் ரெய்டு 6-உம் தருவது ஒரே அளவு இடம். ஆனால் ரெய்டு 10-இல் ஒரே ஜோடியின் இரண்டும் போனால் எல்லாம் போகும், ரெய்டு 6-இல் எந்த இரண்டு போனாலும் தரவு நிற்கும். ஆறு டிஸ்க்குக்கு மேல் போனால் ரெய்டு 6-ஐத் தவிர வேறெதையும் நான் போடுவதில்லை.

ஸ்டுடியோவின் நிலை வேறு. ரெய்டு 6 என்றால் 24 டெராபைட் 16 ஆகிவிடும். அந்த 8 டெராபைட்டுக்கான பணத்தை வேறு கட்டடத்தில் இருக்கும் பிரதிக்குச் செலவழிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இன்னும் ஒரு படி மேலே சொல்கிறேன்: பேக்கப் இல்லாத ரெய்டு 6-ஐவிட, ரெய்டே இல்லாத ஒற்றை டிஸ்க்கும் வேறு வீட்டில் அதன் பிரதியும் பாதுகாப்பானவை. இதில் உங்களுக்கு மறுப்பு இருந்தால் கேட்கத் தயார்.

அவரே: கடைசியாகச் சொன்னதில் மறுப்பு இல்லை. ஆறு டிஸ்க் பற்றியும் ஒத்துக்கொள்கிறேன். நான்கு டிஸ்க்கில் நான் இன்னும் ரெய்டு 6 பக்கம்தான்.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் ட்ரூநாஸ் (கணினியை நாஸாக மாற்றும் இயங்குதளம்) போடலாமா?

பதில்: கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருந்தால் போடுங்கள், ராம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். 60 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரண்டு மாத ரீடிங்கில் 86 யூனிட் ஏற்றும். 20 வாட் இழுக்கும் சிறு பெட்டி 29 யூனிட்.

கேள்வி: ரெய்டு 1 இருக்கும்போது பேக்கப் எதற்கு?

பதில்: இரண்டு முறை பதில் சொல்லிவிட்டேன். மேலே படித்துவிட்டு, அதில் புரியாதது இருந்தால் அதை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: என் நாஸில் ஒரு டிஸ்க் டக் டக் என்று அடிக்கிறது, இன்னொரு டிஸ்க்கை நாஸ் காட்டவே இல்லை. பேக்கப் இல்லை. என்ன செய்ய?

பதில்: உடனே முறையாக அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்க வேண்டாம். மறுகட்டமைப்பு பொத்தானையும் தொட வேண்டாம். தரவு மீட்பு என் துறை அல்ல; அதற்கென்றே இயங்கும் ஆய்வகத்துக்கு எல்லா டிஸ்க்குகளையும் கொண்டு போங்கள். கழற்றும் முன் எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி ஒட்டிவிடுங்கள்; அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.