பெரம்பூர் தீயும் வியாசர்பாடி பூசணியும்: தேனீ கேள்வி-பதில்

வாங்கிய தேன் அடியில் கட்டிகட்டியாக உறைந்துவிட்டது. சர்க்கரைப்பாகா? தீக்குச்சியில் தொட்டுப் பார்த்தேன், எரிகிறது. (கொருக்குப்பேட்டை)

நல்ல தேனும் உறையும். பாட்டிலைக் கை பொறுக்கும் வெந்நீரில் வையுங்கள், இளகிவிடும். அடுப்பில் ஏற்ற வேண்டாம். தீக்குச்சி, தண்ணீர் டம்ளர் சோதனையெல்லாம் விடுங்கள். வழக்கமான ஆய்வுக்கூடச் சோதனைக்கே டிமிக்கி கொடுக்கும் பாகு கலக்கிறார்கள் என்று 2020லேயே டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டது. தீக்குச்சி எம்மாத்திரம்?

பேரன் பிறந்து இருபது நாள். தேன் தொட்டுச் சேனை வைக்கலாமா? (திருவொற்றியூர்)

கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுத் தேன்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமி வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். காய்ச்சினாலும் வித்து சாகாது. மாதாமாதம் இதை எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

மூன்றாம் மாடி சன்ஷேடில் மலைத்தேனீ கட்டியது. ஆள் வைத்துக் கொளுத்தினோம். மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்? (பெரம்பூர்)

கொளுத்திவிட்டு அப்புறம் கேட்கிறீர்கள். போன பங்குனியில் இப்படிக் கொளுத்திய ஒரு குடியிருப்புக்குப் போனேன். தரையில் முறம் அகலத்துக்குக் கருகிய தேனடை. அடையின் அறைகளுக்குள் வெள்ளைப் புழுக்கள் வெந்து கிடந்தன. பூவுக்குப் போயிருந்த தேனீக்கள் சாயங்காலம் திரும்பி, கரி படிந்த சுவரிலேயே கொத்தாக உட்கார்ந்திருந்தன. அன்றைக்குக் கொட்டு வாங்கியது யார் தெரியுமா? கீழே வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர்.

மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. வருஷம் முழுக்க ஓரிடத்தில் தங்காது, பூ குறைந்தால் தானே கிளம்பிவிடும். பழைய இடத்தைத் தேடி மறுபடி வருவதும் அதன் வழக்கம்தான். அது கிளம்பும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்: அந்தப் பக்கத்து பால்கனி விளக்கை இரவில் அணையுங்கள், வெளிச்சத்துக்குத்தான் உள்ளே வருகிறது. கல், புகை, பட்டாசு வேண்டாம். ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கே மற்றவை திரண்டு வரும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல் என்றால் மட்டும் தேனெடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு ராத்திரியில் அகற்றலாம். மருந்து அடித்த அடை கீழே விழுந்தால் யாராவது பிழிந்து சாப்பிடுவார்கள், அந்தப் பாவமும் உங்களுக்கே. தீ வைக்காதீர்கள்.

மாடித்தோட்டத்தில் பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. என்ன உரம்? (வியாசர்பாடி)

உரக் குறையாகத் தெரியவில்லை, பெண் பூவுக்கு மகரந்தம் சேரவில்லை. என்ன மருந்து தெளிக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே! தெளிப்பதானால் பூ மூடிய பிறகு, சாயங்காலம். இப்போதைக்குக் காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். தேனீக்கள் எங்கே போயின என்று கேட்டால், மேலே பெரம்பூர்க் கடிதத்தைப் படியுங்கள்.

பத்துப் பெட்டி வைத்தால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? (மணலி)

மாதக் கணக்கெல்லாம் கிடையாது. பெட்டியில் வளர்க்கும் நம் அடுக்குத் தேனீ, நல்ல பூ இருந்தால் பெட்டிக்கு வருஷத்தில் ஐந்து, பத்து கிலோ தரும். உங்கள் பக்கம் புங்கை, வேம்பு, முருங்கை எத்தனை என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். முதலில் இரண்டு பெட்டி போதும்.