39 ஷில்லிங் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சட்டம் படித்தவன். இங்கிலாந்தில் திருட்டுக்கான தண்டனை எப்படி மாறிவந்தது என்று எழுத ஆசைப்பட்டு, பழைய சட்டங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்திருக்கிறேன். வரலாறு படித்த நண்பர் பார்த்துவிட்டு, "இது பட்டியல், வரலாறு இல்லை" என்கிறார். சட்டத்தில் இருப்பதைத்தானே எழுத முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்லிவிட்டார். ஆனால் சொன்னது சரிதான்.

உங்கள் பட்டியலிலேயே 1713ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கும். ஒரு வீட்டுக்குள் இருக்கும் 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. இதை மட்டும் படித்தால் ஈவிரக்கமற்ற காலம் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அப்புறம் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் வழக்கு விவரங்களைப் புரட்டுங்கள். திருடியது உண்மைதான், ஆனால் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று ஜூரிகள் திரும்பத் திரும்பத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். பொருளுக்கு உண்மையில் என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆளைத் தூக்கில் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே அதன் நடைமுறை மாறிவிட்டது. உங்கள் பட்டியலில் இந்த மாற்றத்துக்கு இடமே இல்லை.

இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஆங்கிலச் சட்ட வரலாற்றாளர் மேட்லண்ட். 1888இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது ஆற்றிய உரையில், வழக்கறிஞருக்கு வேண்டியது இன்று செல்லுபடியாகும் சட்டமோ தீர்ப்போ, அது எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது என்றார். வரலாற்றாளருக்கு வேண்டியது சான்று, அது எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. சட்டக் கல்லூரியில் நமக்குப் பழக்கிவிடுவது முதல் வகை வாசிப்பு. பழைய தீர்ப்பைப் பார்த்ததும் 'இது இன்னும் நிற்குமா?' என்றுதான் கை பரபரக்கும். அந்தப் பழக்கம் லேசில் போகாது.

சரி, அப்படியானால் நீதிமன்றப் பதிவுகளை நம்பிவிடலாமா? அதுவும் கூடாது. ஆங்கிலேய நில வழக்குகளில் ஜான் டோ என்ற குத்தகைக்காரரை ரிச்சர்ட் ரோ என்பவர் வெளியேற்றிவிட்டதாகத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படி இரண்டு பேர் பிறக்கவே இல்லை. நிலம் யாருடையது என்பதை எளிய வழியில் தீர்த்துக்கொள்ள வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் தெரிந்தே வைத்துக்கொண்ட புனைவு அது. 1852இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். விவரம் தெரியாமல் படிப்பவர், இவ்வளவு ஆண்டுகளாகச் சண்டை போடும் அந்த இருவரைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதிவிடக்கூடும்!

பதிவு எந்த வேலைக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் அது சொல்வதைக் கேட்க வேண்டும். நீதிமன்ற வாசலுக்கே வராமல் பேசித் தீர்த்துக்கொண்ட தகராறுகள் வேறு இருக்கின்றன. அவை நீதிமன்றப் பதிவேட்டில் இருக்காது.

பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆட்சியாளர்கள் எதைக் கண்டு பயந்தார்கள், எதில் கண்டிப்பானவர்களாகத் தெரிய விரும்பினார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. அதிலிருந்து பத்தே ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தின் திருட்டு வழக்குகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். ஓல்டு பெய்லி விவரங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. 39 என்ற எண்ணை எத்தனை முறை பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.