விசில் அடிக்கும் பெடல்

கேள்வி: கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை நானே செய்தேன். சத்தத்தைப் பெருக்க டிஎல்072 ஐசி ஒன்றுதான். அதற்கு பிளஸ் 9, மைனஸ் 9 இரண்டும் வேண்டுமென்று, 9 வோல்ட் அடாப்டரோடு, அதிலிருந்து மைனஸ் 9 எடுத்துத் தரும் ஐசிஎல்7660 ஐசியும் போட்டேன். வாசிக்கும்போது கூடவே 'உய்ங்' என்று ஒரு விசில். வரைபடத்தில் உள்ளபடி 1, 8 கால்களை இணைத்தும் போகவில்லை. பெட்டி உள்ளங்கை அளவுதான், வேறெதுவும் வைக்க இடமில்லை. என்ன செய்யலாம் சார்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஐசியின் முதுகைப் பாருங்கள் தம்பி. 7660-க்குப் பின்னால் 'எஸ்' இருக்கிறதா? இல்லையென்றால் அந்த 1-ம் கால் உள்ளே எதோடும் சேரவில்லை. நீங்கள் வைத்த பற்றாசு வீண்.

இந்த ஐசி ஒரு கெபாசிட்டரில் 9 வோல்ட்டை நிரப்பி, தலைகீழாகப் பிடித்து இன்னொன்றில் ஊற்றுகிறது. அதை ஓட்டும் ஆஸிலேட்டர் 10 கிலோஹெர்ட்ஸ், காதுக்கு எட்டுகிற எல்லைதான். ஐசிஎல்7660எஸ் வாங்கி அதே இணைப்பைக் கொடுத்தால் 35-க்குத் தாவிவிடும். ஐசியைச் செருகும் குழி அதேதான், பெட்டியில் கூடுதல் இடம் வேண்டாம். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார், நம்பாதீர்கள். எல்டி1054 கொடுத்தாலும் நல்லதே, 100 மில்லி ஆம்பியர் வரை தரும். ஆனால் அதில் 1-ம் காலுக்கு வேலையே வேறு. அந்த இணைப்பை வெட்டிவிட்டுச் செருகுங்கள்.

அப்புறம் அடாப்டர். உங்களிடம் இருக்கும் சாதா 7660 பத்து வோல்ட்டுக்கு மேல் தாங்காது. '9 வோல்ட்' என்று எழுதியிருந்த டிரான்ஸ்பார்மர் அடாப்டர் ஒன்றை மீட்டரில் பார்க்காமல் செருகி, நானே ஓர் ஐசியைப் புகையவிட்டிருக்கிறேன். பிறகு அளந்தால், லோடு இல்லாமல் 13 காட்டியது! லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வோல்ட் மாறாத ரெகுலேட்டட் அடாப்டர்தான் வேண்டும்.

ஐசியிலிருந்து வரும் மைனஸ் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். கெபாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பழக்கதோஷத்தில் மாற்றி வைத்து வெடிக்கவிடுபவர்கள் நிறைய. ஐசியின் கிரவுண்டைத் தனி ஒயரில் நேராக டிசி ஜாக்குக்கே கொண்டுபோங்கள். இன்புட் ஜாக்கின் கிரவுண்டோடு அதை இணைத்துவிட்டால் எந்த ஐசி போட்டாலும் விசில் திரும்ப வரும். டிஎல்072 இழுப்பது மூன்று மில்லி ஆம்பியர் போல. மீட்டரில் மைனஸ் எட்டரை காட்டினால் சரி.

இத்தனையும் மைனஸ் 9 கட்டாயம் வேண்டுமென்றால்தான். ஒரே ஒரு டிஎல்072-க்கு இரண்டு 10 கே ரெசிஸ்டரும் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்து நடுவில் நாலரை வோல்ட் எடுத்தாலே ஓடும். ஸ்டிரிங்கைப் பலமாக அடிக்கும்போது சத்தம் கொஞ்சம் முன்னதாகவே பிளிறும். ஓவர்டிரைவ் பெடலுக்கு அதுதானே வேண்டும்?